வெள்ளோடையில் இறங்கிய நிழல்

வெள்ளோடையில் நிழல் என்பது எந்தக் காலத்திலும் மலிவாகக் கிடைத்ததில்லை. ஊருக்கு மூன்று பக்கமும் உப்பளம், நாலாவது பக்கம் கடல், நடுவில் நாலைந்து தெரு, ஒரு பெருமாள் கோயில், பாதி பட்டுப்போன ஒரு பூவரசு, அவ்வளவுதான். அளத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு நிழல் வேண்டுமென்றால் அவரவர் நிழலில் அவரவர் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான், அது நடக்கிற காரியம் இல்லை என்பதால் யாரும் ஆசைப்படுவதும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில், மழை வெறித்து, பாத்திகளை மிதித்துச் சீராக்கி, கிணற்று உவர்நீரைப் பாய்ச்சி, முதல் உப்பு பூக்கத் தொடங்கிய தை மாதக் கடைசியில் ஒரு பருந்தின் நிழல் வந்து சேர்ந்தது. பருந்து வரவில்லை. நிழல் மட்டும் வந்தது.

வந்தது தனி நிழல் என்பதே ஊருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது, ஏனென்றால் வெள்ளோடைக்காரர்களுக்கு மேலே பார்க்கிற பழக்கம் கிடையாது. கீழே உப்பு கண்ணைக் குத்தும், மேலே வெயில் கண்ணைக் குத்தும், இரண்டில் எது தேவலை என்றால் கூலி கொடுக்கிற உப்புதான் தேவலை என்று தலையைக் குனிந்தே பழகியவர்கள். பறவைகளையும் அவர்கள் நிழலை வைத்தே அறிந்திருந்தார்கள். பாத்தியின் மேல் ஓடுகிற நிழலுக்கு வால் நடுவில் பிளந்திருந்தால் அது மீன் திருடுகிற ஊர்ப்பருந்து. வால் வளைந்து விசிறியாக இருந்தால் கருடன். நாலு தடவை படபடத்து ஒரு தடவை வழுக்கிப் போகிற குட்டை நிழல் வல்லூறு, அதைக் கண்டால் கோழிக்குஞ்சுகளைக் கூடையால் கவிழ்க்க வேண்டும். நீளச் சிறகு நடுவில் மடங்கி முழங்கை தெரிந்தால் கடல்நீர் தேக்கும் தெப்பத்து மீனுக்கு வந்த விராலடிப்பான், நின்ற இடத்திலேயே துடித்தால் எலிக்குக் காத்திருக்கிற கருந்தோள் பருந்து. கருடன் நிழல் பட்டால் மட்டும் உப்பு இழுக்கிற வாருபலகையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மற்றவற்றுக்கு அந்த மரியாதை இல்லை, ஊர்ப்பருந்துக்குத் திட்டுதான்.

இந்த நிழல் இவற்றில் எதிலும் சேரவில்லை. மெல்லிய நீளச் சிறகு, அதைவிட நீளமான வால். தொலைந்துபோன கம்மலைத் தேடுகிறவள் மாதிரி வரப்போடு வரப்பாகத் தாழப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போயிற்று. யார் வீட்டுப் பறவை இது என்று நிமிர்ந்து பார்த்த முதல் ஆள் உலகம்மாள். வானத்தில் ஒன்றுமில்லை. அவள் கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்து நாலு திசையும் பார்த்துவிட்டு, பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்திடம், மேலே ஆளைக் காணோம் என்று சொன்னாள். தங்கபுஷ்பமும் பார்த்துவிட்டு, ஆமாம் காணோம் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை இழுத்தாள். வேலை நேரத்தில் அதற்கு மேல் ஆச்சரியப்பட யாருக்கு முடியும்?

சாயங்காலம் டீக்கடையில் பேச்சு எழுந்தது, மறுநாள் கோயில் வாசலில் அது முடிவாயிற்று. முடிவு சொன்னவர் தர்மகர்த்தா வெயிலுகந்தபெருமாள். ஊரில் பாதி அளம் அவருடையது, கோயில் சாவி முழுக்க அவருடையது. பங்குனிக் கடைசியில் பெருமாள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்று நாள் குறித்திருந்தார். கும்பாபிஷேகம் என்றால் யாகசாலை, மேளம், சாப்பாடு எல்லாம் நாம் ஏற்பாடு செய்துவிடலாம். கலசத்தில் தண்ணீர் ஊற்றுமுன் கோபுரத்துக்கு மேலே கருடன் வந்து வட்டமிட வேண்டும், அதை மட்டும் ஏற்பாடு செய்ய முடியாது. போன கும்பாபிஷேகத்தில் அதுதான் சிக்கிக்கொண்டது. குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி பட்டர் காத்திருந்தார், ஊர் மொத்தமும் அந்த ஒரு நாளைக்காவது மேலே பார்ப்போம் என்று கழுத்தை வளைத்துக் காத்திருந்தது, கருடன் வரவில்லை, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் வெறும் வானத்துக்குக் கீழே ஊற்றிவிட்டார்கள். அடுத்த சித்திரையில் பெய்யக் கூடாத நாளில் மழை பெய்து, மூடாமல் கிடந்த உப்பு அம்பாரங்கள் ஒரே பகலில் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போயின. கோயில் அன்றிலிருந்து பூட்டித்தான் கிடந்தது. அதனால் இப்போது ஒரு பருந்து நிழல் வந்திருக்கிறது என்றதும் அது கருடனாக இருந்தே தீர வேண்டிய கட்டாயம் ஊருக்கு இருந்தது.

வால் நீளமாக இருக்கிறதே, உடம்பு ஒல்லியாக இருக்கிறதே என்று டீக்கடைக்காரர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் தர்மகர்த்தா. "கோயில் இத்தன வருசம் பூட்டிக் கெடந்தா கருடன் மெலியாம என்னவே செய்யும்?"

கருடன் முன்கூட்டியே தன் நிழலை அனுப்பி இடம் பிடித்து வைத்திருக்கிறார், நாள் வந்ததும் உடம்போடு வருவார் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். பஸ்ஸில் துண்டு போடுவது போலத்தான் என்று டீக்கடைக்காரர் விளக்கிவிட்டு, கடைப் பலகையில் இருந்த தன் மாமனார் பெயரை அழித்து கருடா டீ ஸ்டால் என்று எழுதிக்கொண்டார். நிழலைக் காலால் மிதிக்கக் கூடாது என்று பட்டர் சொன்னார். பாத்தியில் அது வருகிற திசை பார்த்து வாருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெயில் தாங்காத வயசாளிகள் மட்டும் மிதிக்காமல் தலையை மாத்திரம் அதற்குள் நீட்டிக் கொஞ்சம் குளிர்ச்சி வாங்கிக்கொண்டார்கள், அதற்குச் சாஸ்திரத்தில் தடை இல்லை என்று கண்டுபிடித்தவர்களும் அவர்களே. கோழிகள் முதலில் அலறிப் பார்த்தன, பிறகு பழகிவிட்டன. ஊர் என்பது எதையும் ஒரு வாரத்துக்கு மேல் அதிசயமாக வைத்திருக்காது, இடம் கொடுத்து உட்கார வைத்துவிடும்.

ஆனால் அந்த நிழல் உட்கார்ந்த இடம்தான் ஊருக்குக் கொஞ்சம் இடித்தது. பொழுது சாயும்போது, மற்ற நிழல்கள் எல்லாம் நீண்டு மங்கி ஒன்றோடொன்று கலந்து போகிற நேரத்தில், அது கோயிலுக்குப் போகாமல், தர்மகர்த்தா வீட்டு மாடிக்கும் போகாமல், ஊருக்குக் கடைசியில் அளத்தை ஒட்டி இருந்த உலகம்மாள் வீட்டு முற்றத்தில் போய்ச் சிறகை மடக்கிப் படுத்துக்கொண்டது.

உலகம்மாளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தச் சித்திரை மழையில் உப்பு கரைந்து ஊரில் வேலை இல்லாமல் போனபோது, அவள் புருஷன் ஐயம்பெருமாள் வடக்கே போகிற லாரியில் லோடு இறக்கும் ஆளாக ஏறினார். ரெண்டு மாசத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி, லாரியில் போகிறவனுக்குச் சைக்கிள் எதற்கு என்று தன் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போனார். வரவில்லை. இறந்தார் என்றும் சேதி வரவில்லை, இருக்கிறார் என்றும் வரவில்லை. லாரிக்காரன் ஏதோ ஒரு ஊர்ப் பேரைச் சொல்லி அங்கே இறங்கிவிட்டார் என்றான், பிறகு வேறொரு பேரைச் சொன்னான். உலகம்மாள் அம்பாரத்தை மூடுகிற பனையோலையால் அந்தச் சைக்கிளை மூடி வைத்தாள். இரும்பைத் தின்கிற காற்று அந்த ஊர்க் காற்று; அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஓலையை விலக்கிச் செயினுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மறுபடியும் மூடுவாள். யார் கேட்டும் அதை இரவல் கொடுத்ததில்லை. ராத்திரிச் சோற்றுக்கும் இரண்டு தட்டுதான் எடுத்து வைப்பாள்.

ஊர் அவளைத் திட்டியதில்லை, ஒதுக்கி வைத்ததும் இல்லை. கல்யாணம், சடங்கு என்றால் முறையாக வந்து அழைப்பார்கள், முறையாக இலை போடுவார்கள். ஆனால் ஆரத்தித் தாம்பாளம் கை மாறி வரும்போது, அவள் முன்னால் வந்ததும் ஒரு நொடி நின்று, அவளைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகும். நெற்றியில் பொட்டு இருக்கிறது, பொட்டுக்கு உரியவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, தெரியாத இடத்தில் தாண்டிப் போவதுதான் மரியாதை என்று நினைத்தார்கள். உலகம்மாளும் தாம்பாளம் வருகிற நேரத்தில் முந்தானையைச் சரி செய்வதற்கோ பக்கத்துக் குழந்தைக்கு மூக்கைத் துடைப்பதற்கோ பழகிக்கொண்டாள். அவள் வீட்டுக்கு யாரும் காரணம் இல்லாமல் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. சோறு பொங்குகிற சத்தம்தான் அந்த வீட்டில் பேச்சுக்குரல்.

நிழல் வந்த பிறகு எல்லாம் தலைகீழாயிற்று. கருடன் படுத்திருக்கிற முற்றம் என்று காலையிலும் மாலையிலும் ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் சும்மா வந்தோம் என்றார்கள், சும்மா வந்ததற்கு அடையாளமாக ஒரு முறுக்கோ ஒரு கை மல்லிகையோ கொண்டுவந்தார்கள். நிழல் தெளிவாகத் தெரியட்டும் என்று உலகம்மாள் முற்றத்தில் நல்ல வெள்ளை உப்பாகக் கொட்டிப் பரப்பினாள். வந்தவர்கள் கைகூப்பிவிட்டு உடனே போகவில்லை, உட்கார்ந்தார்கள், மகள் வீட்டுக் கதை, மருமகள் கதை எல்லாம் பேசினார்கள், போகும்போது நாளைக்கு வாரேன் என்றார்கள். கர்ப்பமாக இருந்த மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்த தங்கபுஷ்பம், தாம்பாளத்தை அவளைத் தாண்டிக் கடத்துவதில் எப்போதும் முன்னால் நிற்கிற அதே தங்கபுஷ்பம், வெற்றிலை பாக்கோடு வந்தாள்.

"யக்கா, மொத வளையல் நீங்கதான் போடணும். மாட்டேம்னு சொல்லிராதிய."

உலகம்மாள் போட்டாள். வளையல் ஒன்று உடைந்தது, யாரும் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தாம்பாளமும் அவள் கைக்கு வந்தது. அது எவ்வளவு கனம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து, உப்பின் மேல் சிறகு மடக்கிக் கிடந்த கறுப்பைப் பார்த்து, நீ எந்த ஊரோ, நல்லா இருப்பே என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் அழுகை வந்தது. அவளுக்கு இத்தனை நாள் எவ்வளவு தனியாக இருந்தோம் என்பது, தனிமை விலகின அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசி மாதத்தில் ஜெபமணி சார் வந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தூத்துக்குடியிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை கழுத்தில் பைனாகுலரோடு வந்து அளத்திலும் தெப்பத்திலும் இறங்குகிற பறவைகளை எண்ணிவிட்டுப் போவார். பேச்சுக்கு ஆளில்லாத மனுஷர், பறவைகளோடு சேர்ந்து தானும் ஒரு வலசை போலத்தான் வருவார். கருடன் நிழலைப் போய்ப் பாருங்கள் என்று டீக்கடைக்காரர் அனுப்பிவைக்க, அவர் உலகம்மாள் வீட்டுக்குப் பின்னால் வரப்பில் குந்தி, பைனாகுலரைத் தொடாமல், ஒரு பகல் முழுக்க அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பறவை இல்லையே என்று அவர் கேட்கவில்லை. பொழுது சாய்ந்து நிழல் முற்றத்தில் வந்து படுத்த பிறகு, உலகம்மாள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இது கருடன் இல்லம்மா. பூனைப்பருந்து."

அவர் பொறுமையாக விளக்கினார். கருடன் உயரத்தில் வட்டமிடும். இது ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, புல்லுக்குள் பூனை பதுங்கிப் போவது போலத் தேடித் தேடிப் போகிறது. வழுக்கும்போது சிறகு இரண்டையும் மேலே தூக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் நிழல் அந்த நேரத்தில் ஒடுங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கருடன் மரத்தில் தங்கும், பூனைப்பருந்து ராத்தங்குவது வெறும் தரையில். கருடன் தரையில் படுத்து எப்போதாவது பார்த்திருக்கிறாயா என்று அவர் கேட்டார்.

"வெளியூர்க்காரன்ம்மா. வடக்க குளிரு தாங்காம இங்க வாரது. பங்குனி முடியுமுன்ன கெளம்பிரும்."

"போனா திரும்பி வருமா சார்?"

"வந்தாலும் வரும். வழி ரொம்ப தூரம். மலை, பாலைவனம்னு என்னெல்லாமோ இருக்கு."

அந்தப் பதிலை உலகம்மாள் லாரிக்காரனிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள். காப்பி டம்ளரைக் கழுவப் போனவள் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். நிழல் இங்கே இருக்கிறது என்றால் பறவை இது இல்லாமல் எங்கேயோ அலைகிறது. நிழல் இல்லாத பறவைக்குத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியாது, பாவம், இரை பிடிக்க முடியாது. இதை ஊரில் சொல்ல வேண்டாம் சார் என்று அவள் கேட்டுக்கொண்டாள். நான் பறவையை எண்ண வந்தவன், சாமியை எண்ண வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

பங்குனி பிறந்ததும் நிழலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வடக்குப் பாத்திகளைத் தாண்டி ரோடு வரைக்கும் போய், அங்கேயே தயங்கித் தயங்கிச் சுற்றிவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குத்தான் முற்றத்துக்கு வந்தது. உலகம்மாளுக்கு அந்தத் தயக்கம் தெரியும். லாரி ஏறுவதற்கு முந்தின வாரம் அவள் புருஷனும் அப்படித்தான் ரோட்டு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினார். ஒரு சாயங்காலம் நிழல் வந்து படுத்ததும், அவளுக்கு என்ன தோன்றியதோ, சைக்கிள் மேலிருந்த பனையோலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிழலின் மேல் வரிசை தப்பாமல் அடுக்கி, கயிறு குறுக்கே போட்டு, நாலு மூலையிலும் களிமண் கட்டியை வைத்து இறுக்கிவிட்டாள். மழையிலிருந்து உப்பைக் காப்பாற்ற வெள்ளோடையில் எல்லாருக்கும் தெரிந்த வழி அதுதான். போகிற பொருளைப் போகாமல் நிறுத்த வேறு வழி அவர்களுக்குத் தெரியாது.

காலையில் நிழல் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் கேட்டதற்கு, கும்பாபிஷேகம் வருகிறதல்லவா, கருடன் விரதத்தில் இருக்கிறது என்று உலகம்மாள் சொன்னாள். எப்படி அந்தப் பொய் அவள் வாயில் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. ஊர் அதைப் பொய் என்று நினைக்கவே இல்லை, இன்னும் பக்தியாக எடுத்துக்கொண்டது. ஓலைக் குவியலுக்கு மஞ்சள் துணி சாத்தினார்கள், சுற்றிக் கோலம் போட்டார்கள், விரதம் இருக்கிற இடத்தில் சத்தம் கூடாது என்று அந்தத் தெருவில் ரேடியோவைக் குறைத்தார்கள். தர்மகர்த்தா ஏற்பாடு சொல்லிவிட்டார்: பட்டர் குடத்தைத் தூக்கியதும் மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார், அந்தச் சத்தம் கேட்டதும் உலகம்மாள் ஓலையை விலக்க வேண்டும், நிழல் நேராகக் கோபுரத்துக்கு வரும். போன தடவை மாதிரி அண்ணாந்து காத்திருக்கிற வேலை இந்தத் தடவை கிடையாது. அவளுக்குப் புதுச்சேலையும் எடுத்துக் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாட்களில்தான் பறவை வந்தது. நெஞ்சும் முதுகும் சாம்பல் வெளுப்பு, சிறகு நுனி மட்டும் கரி தொட்டதாகக் கறுப்பு, மஞ்சள் கண். பட்டப்பகலில் வந்தது, பாத்திகளின் மேலே ஆள் உயரத்தில் பறந்தது, தர்மகர்த்தாவின் தலைக்கு மேலேயே போயிற்று, ஊரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. கீழே நிழல் விழாத ஒரு பறவையை வெள்ளோடைக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? உலகம்மாள் மட்டும் பார்த்தாள். அது அவள் வீட்டின் மேலேயே போய்த் திரும்பி வந்தது. வரப்பில் ஒரு ஓணானைக் கண்டு பாயும்போது தரையைத் தப்பாகக் கணக்கிட்டு நெஞ்சடிபட விழுந்து, எழுந்து, இரை சிக்காத வெறுங்காலோடு உட்கார்ந்தது. மறுநாளும் விழுந்தது. அதன் இனத்துப் பருந்துகள் எல்லாம் ஒவ்வொன்றாக ரோட்டைத் தாண்டி வடக்கே போய்விட்டன, வெயில் ஏறிக்கொண்டே வந்தது, இது மட்டும் மெலிந்து மெலிந்து சுற்றிக்கொண்டிருந்தது. உலகம்மாள் கருவாடு போட்டாள், அது தொடவில்லை. அதற்குச் சோறு வேண்டியிருக்கவில்லை, தன்னுடையது வேண்டியிருந்தது.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஊர் முழுக்க யாகசாலையில் இருந்தது. பறவை அவள் முற்றத்தில் வந்து விழுந்தது. ஓலைக் குவியலுக்கு ஒரு முழம் தள்ளி, சிறகு விரிந்தபடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. விரிந்த சிறகுக்குக் கீழேகூட நிழல் இல்லை, வெயில் அதன் ஊடாகப் புகுந்து உப்பில் பளீரென்று அடித்தது. நாளைக் காலைவரைக்கும் பொறுத்துக்கொள்ளேன், ஒரு ராத்திரிதானே என்று உலகம்மாள் அதனிடம் கெஞ்சினாள். நாளைக்குக் கோபுரத்தைச் சுற்றிவிட்டுப் போ, பிறகு என் வீட்டுக்கு என்றென்றைக்கும் ஆள் வரும், உனக்கென்ன குறைந்துபோகிறது என்று கேட்டாள். பறவை மஞ்சள் கண்ணால் அவளைப் பார்க்கவில்லை, ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு அவளால் நிற்க முடியவில்லை. இந்த முற்றத்தில் ஓலையால் மூடின ஒன்றைப் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷம் கிடந்தது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

மஞ்சள் துணியை மடித்து வைத்தாள், கயிற்றை அவிழ்த்தாள், ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில் நிழல் சாயம் போன துணி மாதிரி வெளிறிக் கிடந்தது. வெயில் பட்டதும் கறுத்தது. பறவை காலை ஊன்றி எழுந்து தத்தித் தத்தி வந்து அதன் மேல் நின்றது, நின்று சிறகைப் பொருத்திப் பார்த்தது போல ஒரு தடவை விரித்தது, அப்புறம் எழும்பியது. உயரம் போகப் போகக் கீழே நிழல் சிறுத்து, பாத்தி பாத்தியாக ஓடி, ரோட்டில் ஏறி, இந்தத் தடவை தயங்காமல் தாண்டிற்று. வருகிறேன் என்று அது சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அது யோக்கியம் என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் வீட்டில் காத்திருக்கவில்லை, பழைய சேலையோடு கோயிலுக்கு வந்தாள். பட்டர் குடத்தைத் தூக்கினார். மேளம் ஒரு தட்டுத் தட்டியது. ஊர் மொத்தமும் குனிந்து கோயில் முற்றத்துக் கல்தளத்தைப் பார்த்தது. கல்லில் கோபுர நிழல் இருந்தது, வேறொன்றும் இல்லை. பிறகுதான் உலகம்மாள் கூட்டத்தில் நிற்பதைத் தர்மகர்த்தா கண்டார்.

"உலகு, ஓலைய வெலக்காம இங்க என்ன செய்யுத?"

"நேத்தே வெலக்கிட்டேன் அண்ணாச்சி. அது போயிருச்சு." எல்லாரும் கேட்கட்டும் என்று அவள் குரலை உயர்த்தினாள். "அது கருடன் இல்ல. பூனைப்பருந்து. விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல, போயிருமேன்னு நாந்தான் மூடிவச்சேன்."

"அப்ப இன்னைக்கு வரைக்கும் மூடி வச்சிருக்க வேண்டியதான? ஏன் தொறந்த?"

"அதோட பொருளு எங்கிட்ட இருக்கயில அது எங்கயும் போக முடியாம நின்னுச்சு. அப்படி நிக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இந்த ஊர்ல வேற யாருக்கும் தெரியாது."

கீழே பார்க்க ஒன்றும் இல்லாததால் ஒவ்வொருவராக மேலே பார்த்தார்கள். கண் கூசித் தண்ணீர் வழிந்தது. வானம் அவர்கள் நினைத்திருந்ததைவிட ரொம்பப் பெரியதாக, ரொம்பக் காலியாக இருந்தது. அதற்குக் கீழே இத்தனை காலமும் உலகம்மாள் ஒற்றையாக அண்ணாந்து நின்றதைச் சிலர் அப்போது நினைத்திருக்கலாம், நினைத்ததாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நல்ல நேரம் முடிகிறதே என்று பட்டர் முனகி, குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் எப்போதும் விழுவது போலவே விழுந்தது. பிற்பாடு தாம்பாளம் வந்தபோது உலகம்மாள் முன்னால் ஒரு நொடி நின்று, அடுத்தவள் கைக்குப் போயிற்று. இந்தத் தடவை அவள் முந்தானையைச் சரி செய்யவில்லை. அது போவதை நேராகப் பார்த்தாள். தங்கபுஷ்பம்தான் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வருஷச் சித்திரையில் மழை பெய்யவில்லை. உப்பு நன்றாகவே விளைந்தது, குறை சொல்ல இடமில்லாமல் போனதில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. வந்தது கருடன்தான், உலகம்மாளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கட்சியும், கருடன்தான் பூனைப்பருந்து வேஷத்தில் வந்தது என்று ஒரு கட்சியும் கருடா டீ ஸ்டாலில் பேசிக்கொண்டன. அவள் வீட்டுக்கு ஆள் வருவது நின்றது. முறுக்கும் மல்லிகையும் நின்றன. பரப்பியிருந்த உப்பை அவள் கூட்டி அள்ளியபோது, அதற்கடியில் மண் இருந்தது, வெறும் மண். அன்று வீட்டின் அமைதி முன்னைவிடப் பெரிதாக இருந்தது, அதைத் தாங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது, கஷ்டம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

சைக்கிளை மறுபடியும் மூட ஓலையோடு போனவள் அப்போதுதான் கவனித்தாள்: பங்குனி முழுக்க அது திறந்தே நின்றிருக்கிறது, வெள்ளிக்கிழமைகளை அவள் மறந்தே போயிருக்கிறாள். ஹேண்டில்பாரில் துரு பூத்திருந்தது. அவள் ஓலையைக் கீழே போட்டாள். டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் துருவைத் தேய்த்து, டயரை மாற்றி, பின்னால் ஒரு கேரியர் வைத்துக்கொண்டு வந்தாள். ஏறி ஓட்ட அவளுக்குத் தெரியாது. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டி அளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். முதல் நாள் வழிமறித்து ஐயம்பெருமாள் அண்ணன் சைக்கிளா என்று கேட்டவர்களிடம், என் சைக்கிள் என்று சொன்னாள். ராத்திரி சாப்பிடும்போது ஒரு தட்டுதான் எடுத்து வைத்தாள், இரண்டாவது தட்டு அலமாரியிலேயே இருந்தது.

புரட்டாசி வந்தது. கடைசி உப்பு வாரி, மழைக்கு முன்னால் அம்பாரங்களை மூடுகிற வேலை நடந்தது. உலகம்மாள் பனையோலைக் கட்டைக் கேரியரில் ஏற்றி வரப்பு வழியே தள்ளிக்கொண்டு போனாள், பின்னால் தங்கபுஷ்பம் பேரக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேச வேண்டும் என்று இல்லாமலும் விலகிப் போக முடியாமலும் நாலடி தள்ளி வந்தாள். அப்போது வடக்கே ரோட்டைத் தாண்டி, தாழ்வாக, சிறகைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு சாம்பல் பறவை வந்தது. அதற்குக் கீழே, வெள்ளைப் பாத்தியில், அதன் நிழலும் கூடவே வந்தது. அந்தப் பறவைதானா, வேறொன்றா, யாரால் சொல்ல முடியும்? அது உலகம்மாளின் முற்றத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களையும் தாண்டித் தெற்கே தன் பாட்டுக்குத் தேடிக்கொண்டு போயிற்று.

உலகம்மாள் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடியும் மேலே பார்த்தாள்.

"யக்கா, அது கருடன் இல்லியே."

"தெரியும்ட்டி" என்று சொல்லிவிட்டு, உலகம்மாள் ஸ்டாண்டைத் தட்டிச் சைக்கிளைத் தள்ளினாள்.